குளோப் முற்றத்தில் நிற்பவர் என்ன பார்க்கிறார்? திறந்தவெளி ஷேக்ஸ்பியர் பற்றி ஓர் எளிய விளக்கம்

லண்டன் போகிறவர்களிடம், தேம்ஸ் கரையில் இருக்கும் குளோப் அரங்கில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னால் மூன்று விதமான பதில் வரும். "ஷேக்ஸ்பியர் இங்கிலீஷ் நமக்கு எங்கே புரியப்போகுது?" "மூணு மணி நேரம் நிக்கணுமாமே!" "அது ஷேக்ஸ்பியர் நடிச்ச பழைய கட்டடம்தானே, வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்தாப் போதாதா?" மூன்றிலும் கொஞ்சம் உண்மையும் நிறையத் தவறும் கலந்திருக்கிறது. பார்த்துவிட்டு வந்தவர்களும் "கூரையில்லாத தியேட்டர், நல்லா இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கூரை இல்லாததால் நாடகத்துக்கு என்ன ஆகிறது என்பது பேச்சில் வருவதே இல்லை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. நாடகங்களைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

## முதலில் கட்டடத்தைப் பற்றி

இப்போது நிற்கும் குளோப் 1997-இல் திறக்கப்பட்டது. ஷேக்ஸ்பியரின் குழு 1599-இல் எழுப்பிய குளோப், 1613 ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது எரிந்துபோனது. காட்சிக்காக வெடித்த பீரங்கியிலிருந்து பறந்த பொறி ஓலைக்கூரையில் விழுந்துவிட்டது. யாரும் சாகவில்லை. ஒருவருடைய கால்சட்டை மட்டும் தீப்பிடித்ததாகவும், கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்ததாகவும் அப்போது எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது. மறு ஆண்டே ஓட்டுக்கூரையோடு மறுபடி கட்டினார்கள். 1642-இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை எல்லாம் மூடியதோடு அதன் கதை முடிந்தது.

சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949-இல் லண்டனுக்கு வந்து குளோப் எங்கே என்று தேடினார். ஒரு மதுவடிசாலைச் சுவரில் பதித்திருந்த நினைவுப் பலகைதான் கண்ணில் பட்டது. 1970-இல் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். பணம் திரட்டியே மீதி ஆயுள் போனது. திறப்பு விழாவைப் பார்க்காமல் 1993-இல் இறந்துவிட்டார். ஆக, நீங்கள் போட்டோ எடுக்கும் கட்டடம் பழையதும் அல்ல, அதே இடத்தில் இருப்பதும் அல்ல. பழைய குளோபின் இடம் அங்கிருந்து ஏறத்தாழ 230 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் கட்டிய முறை பழையது: ஓக் மரச் சட்டங்கள், சுண்ணாம்புப் பூச்சு, நாணல் கூரை. 1666-இல் லண்டன் எரிந்த பிறகு அந்த நகரத்தில் அனுமதி பெற்ற முதல் வேய்ந்த கூரை இதுதான். இந்த முறை கூரையின் உச்சியில் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களையும் வைத்திருக்கிறார்கள்!

வடிவம் ஏறக்குறைய வட்டம், சரியாகச் சொன்னால் 20 பக்கங்கள். சுற்றிலும் மூன்று அடுக்கு மர கேலரி, அதில் பெஞ்சுகள். நடுவே வானம் பார்த்த வெற்றுத் தரை. அதற்கு முற்றம் என்று பெயர், அங்கே உட்கார இடம் கிடையாது. முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு நெஞ்சுயர மேடை. மேடைக்கும் கேலரிகளுக்கும் கூரை உண்டு, முற்றத்துக்கு இல்லை.

## வெளிச்சம் யார் மேல் விழுகிறது?

எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

இரவில் தெருவில் நடக்கும்போது, விளக்கெரியும் ஒரு வீட்டின் ஜன்னலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ ஜன்னலில் இருட்டும் தன் முகமும்தான் தெரியும், தெருவில் நீங்கள் நிற்பது தெரியாது. சினிமா தியேட்டரும் பெரும்பாலான நாடக அரங்குகளும் இப்படித்தான். நீங்கள் இருட்டில், அவர்கள் வெளிச்சத்தில். அதனால்தான் மேடையில் இருப்பவர்கள் நீங்கள் அங்கே இல்லாதது போல நடந்துகொள்ள முடிகிறது. நீங்களும் மறைந்து நின்று பார்ப்பவராகவே இருக்கிறீர்கள்.

அதே ஜன்னலில் பகலில் இரண்டு பக்கமும் தெரியும். எட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பவர் உங்களைக் கண்டுவிடுவார், "என்ன வேணும்?" என்று கேட்பார். குளோபில் நடப்பது இந்தப் பகல் ஜன்னல் கதை. நடிகர் மேலும் பார்ப்பவர் மேலும் ஒரே வெளிச்சம் விழுகிறது. நாடகக்காரர்கள் இதைப் பொது வெளிச்சம் என்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் காட்சிகள் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் தொடங்கும், சூரியன்தான் விளக்கு. இன்றைக்கு மாலைக் காட்சி 7.30-க்குத் தொடங்கினாலும், லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகு பெரிய விளக்குகளைப் போடுவார்கள். மேடைக்குத் தனியாக என்றில்லாமல் முற்றத்துக்கும் சேர்த்துச் சீராக, பகல் இன்னும் நீடிப்பது போல.

இது ஏதோ பழமைப் பித்து என்று தோன்றலாம். ஆனால் இதை வைத்து அங்கே ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2016-இல் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற எம்மா ரைஸ் வண்ண விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டுவந்தார். கூட்டமும் வந்தது. ஆனாலும் அந்த ஆண்டு அக்டோபரிலேயே நிர்வாகக் குழு, அவர் 2018-இல் விலகுவார், அரங்கு பொது வெளிச்சத்துக்குத் திரும்பும் என்று அறிவித்தது. அவரை அனுப்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எது பறிபோகிறது என்று அந்தக் குழு கவலைப்பட்டதோ, அது உண்மையாகவே இழப்புதான். மேடைக்கு மட்டும் விளக்கைத் திருப்பினால் முற்றத்தில் நிற்பவர் மறுபடியும் தெருவில் நிற்பவராகிவிடுகிறார். அதற்கு இந்தக் கட்டடம் எதற்கு?

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். கட்டடம் புதிது, கட்டிய முறை பழையது. நடிகரும் நீங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறீர்கள். அவரால் உங்களைப் பார்க்க முடியும். இனி, இதனால் நாடகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

## பட்டப்பகலில் நள்ளிரவு

ஹாம்லெட் நள்ளிரவில் தொடங்குகிறது. கோட்டை மதில், காவலர்கள், பேய். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் இதை எப்படிக் காட்டுவது?

சொல்லால்தான். முதல் வரியே "யாரது?" என்ற கேள்வி. அதிலும் ஒரு விஷயம்: காவலில் நிற்பவன் கேட்க வேண்டிய கேள்வியை, அவனிடமிருந்து காவலை ஏற்க வருகிறவன் கேட்கிறான். மற்றவனோ, இல்லை, நீ முதலில் பதில் சொல் என்கிறான். இரண்டு நடிகர்களும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் நன்றாகத் தெரியும் தூரத்தில்தான் நிற்கிறார்கள். நாமும் பார்க்கிறோம். ஆனாலும் இருவரும் தடுமாறுகிறார்கள், அதனால் அங்கே இருட்டு என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த சில வரிகளில் மணி பன்னிரண்டு அடித்துவிட்டது, போய்ப் படு என்கிறான் ஒருவன். குளிர் கடிக்கிறது, மனசும் சரியில்லை என்கிறான் மற்றவன். பத்தே வரிக்குள் இருட்டு, நேரம், குளிர், பயம் எல்லாம் வந்தாயிற்று. காட்சியின் முடிவில் ஒருவன் கிழக்கு மலையைக் காட்டி, செம்பழுப்பு மேலாடை போர்த்திய காலை பனித்துளிமேல் நடந்து வருகிறது என்கிறான். விடிந்துவிட்டது! ஒரு விளக்கைக்கூட யாரும் தொடவில்லை.

மக்பெத் நாடகத்தில் பாங்கோ என்ற தளபதியின் மகன் கையில் ஒரு தீப்பந்தத்தோடு வருவான். வெயிலில் அந்தப் பந்தம் எதற்கும் வெளிச்சம் தராது. "இது இரவு" என்று நமக்குச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். தெருக்கூத்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் அதிசயம் எதுவும் இருக்காது.

இருட்டரங்கில் இதே காட்சியைப் போடும்போது நீல விளக்கும் புகையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. அப்போது வசனத்தில் வரும் வர்ணனை உபரியாகிறது, "ஏன் இவ்வளவு பேசுறாங்க?" என்று சலிப்பும் வருகிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பேச்சு அதிகம் என்ற பேருக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். திறந்தவெளியில் அந்தப் பேச்சு சம்பளம் வாங்கி வேலை செய்கிறது.

## உங்களைப் பார்த்து ஒரு கேள்வி

பாத்திரம் மேடையில் தனியாக நின்று தன் மனதில் ஓடுவதைப் பேசுவதற்குத் தனிமொழி என்று பெயர். சினிமாவிலும் இருட்டரங்கிலும் தனிமொழி என்றால் நடிகர் எங்கோ தூரத்தைப் பார்த்துத் தனக்குத்தானே முனகுவார். பொது வெளிச்சத்தில் அது முடியாத காரியம். எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள் தெரிகின்றன. அத்தனை முகங்களையும் பார்க்காதது போல நடித்தால் அதுதான் பொய்யாகத் தெரியும். அதனால் அவர் உங்களிடமே பேசுகிறார்.

ஹாம்லெட் ஓர் இடத்தில் "நான் கோழையா? என்னை அயோக்கியன் என்று சொல்வது யார்?" என்று கேட்கிறான். புத்தகத்தில் படிக்கும்போது மனப்போராட்டம். குளோபில் நடிகர் மேடை விளிம்புக்கு வந்து, முற்றத்தில் நிற்கும் ஒருவரின் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. சிரிப்பார், தலையை ஆட்டுவார். சில சமயம் கூட்டத்திலிருந்து பதிலே வந்துவிடும். பதில் வந்தால் ஹாம்லெட்டின் கோபம் ஒரு மாதிரி, வராவிட்டால் வேறு மாதிரி. நேற்றைய காட்சியும் இன்றைய காட்சியும் ஒன்றாக இருக்காது என்பதற்கு இங்கே பொருள் மிகவும் நேரடியானது.

வில்லன்களுக்கு இன்னும் கொண்டாட்டம். மூன்றாம் ரிச்சர்டும் ஒதெல்லோ நாடகத்தின் இயாகோவும் தங்கள் சதியை முதலில் நம்மிடம்தான் சொல்கிறார்கள். யாரைக் கொல்லப்போகிறேன், எப்படி ஏமாற்றப்போகிறேன் என்று நண்பனிடம் சொல்வது போலச் சொல்லி, நம்மைச் சிரிக்கவும் வைக்கிறார்கள். சிரித்த பிறகு நாமும் கொஞ்சம் கூட்டாளிதான். பிற்பாடு கொலைகள் நடக்கும்போது முற்றத்தில் வரும் அமைதி, வெறும் சோகக் காட்சிக்கு வரும் அமைதி மாதிரி இருக்காது.

ஜூலியஸ் சீசரில் மார்க் ஆண்டனி சீசரின் பிணத்தின் அருகே நின்று ரோம் மக்களைப் பார்த்துப் பேசும் காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. அரங்கில் அந்த மக்கள் யார்? நாலைந்து துணை நடிகர்கள் இருப்பார்கள், மீதி நீங்கள்தான். கூட்டமாக, நின்றபடி, மேலே நிற்கும் ஒருவரை அண்ணாந்து பார்க்கும் ஜனம் அங்கே ஏற்கெனவே தயார். பெஞ்சில் சாய்ந்திருப்பவரை வைத்து அந்தக் கூட்டத்தை உண்டாக்குவது கஷ்டம்.

ஆகவே வெளிச்சம் பொதுவாக இருப்பதால் இரண்டு வேலைகள் பார்ப்பவர் தலையில் விழுகின்றன: சொல்லைக் கேட்டு இரவையும் குளிரையும் மனதில் உண்டாக்குவது, தேவைப்படும்போது கூட்டாளியாகவோ ஊராகவோ ஆகிவிடுவது.

## எங்கே நிற்பது?

பார்ப்பவர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும்படி கூட்டத்துக்குள் நீண்டிருக்கும் மேடையை நீட்டு மேடை என்று சொல்லலாம். இதில் "முன்பக்கம்" என்று ஒன்று கிடையாது. நடிகர் எங்கே திரும்பினாலும் யாரோ சிலருக்கு முதுகுதான் தெரியும். அதனால் அவர்கள் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, மேடையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டே இருப்பார்கள். போதாததற்கு, மேடைக் கூரையைத் தாங்க இரண்டு பெரிய தூண்கள். மரத்துக்குப் பளிங்கு போல வண்ணம் பூசியிருப்பார்கள், பார்க்க அழகு. கேலரியில் பக்கவாட்டில் இடம் கிடைத்தவருக்கு அந்த அழகு நாடகம் முழுக்க எதிரிலேயே இருக்கும்.

முற்றத்தில் நிற்பவர் இரண்டடி நகர்ந்துகொள்ளலாம். அதனால்தான் மலிவான இடம் மோசமான இடம் என்ற கணக்கு இங்கே செல்லாது. 1599-இல் நிற்க ஒரு பென்னி, கேலரியில் உட்கார இன்னொரு பென்னி, மெத்தை வேண்டுமென்றால் மூன்றாவது பென்னி. இப்போதும் முற்றத்து டிக்கெட்தான் மலிவு, நெடுங்காலம் அது 5 பவுண்டாகவே இருந்தது. முதலிலேயே உள்ளே போனால் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கலாம். நடிகரின் செருப்புத் தையல் தெரியும், வாள்சண்டையின்போது பலகை அதிர்வது முழங்கையில் ஏறும், உணர்ச்சி மிகுந்த வசனத்தில் எச்சிலும் தெறிக்கும். விரும்பாதவர் பின்சுவரில் சாய்ந்துகொள்ளலாம். முதல் முறை வருபவருக்கு என் சிபாரிசு பின்சுவர். கழுத்தும் வலிக்காது, முதுகுக்கும் ஆதரவு. நடுவில் மாட்டிக்கொள்வதுதான் உதவாது.

## மொழி புரியுமா?

எல்லாம் புரியாது. லண்டன்காரர்களுக்கே எல்லாம் புரிவதில்லை. ஆனால் கண்ணால் படிக்கும்போது மிரட்டும் வரி, நடிகரின் கை, பார்வை, எதிராளியின் முகம் எல்லாவற்றோடும் வரும்போது பாதி இறங்கிவிடுகிறது. 2012-இல் இதே அரங்கில் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டார்கள். இந்தி, உருது, வங்காளம், குஜராத்தி எல்லாம் இருந்தன. வசனத்துக்கு வசனம் மொழிபெயர்ப்பு ஓடவில்லை, காட்சிச் சுருக்கம் மட்டுமே திரையில் வந்தது. மொழி தெரியாமலே ஜனம் சிரித்தது.

கேட்பதற்கு உதவும் இரண்டு அம்சங்கள் எழுத்திலேயே இருக்கின்றன. ஒன்று சந்தம். நாடகத்தின் பெரும்பகுதி பத்து அசை வரிகளில் ஓடுகிறது, தாழ்ந்த அசையும் ஓங்கிய அசையும் மாறி மாறி, ஒரு வரிக்கு ஐந்து அழுத்தம். இதற்கு ஐயழுத்த வரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் இந்தத் துடிப்பு காதுக்குப் பிடிமானம். ஒரு சொல் காற்றில் போய்விட்டாலும் வரி எங்கே முடிகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். இரண்டு, முக்கியமானதை அவர் திரும்பச் சொல்வார். கொலை செய்த கையோடு நிற்கும் மக்பெத், இந்த ரத்தம் கடல்களையே சிவக்க வைத்துவிடும் என்று முதலில் நீளமான லத்தீன் வழிச் சொற்களில் சொல்கிறான். அடுத்த வரியிலேயே பச்சைக் கடல் முழுக்கச் சிவப்பாகும் என்று குழந்தைக்கும் தெரிந்த சொற்களில் சொல்லிவிடுகிறான். கேலரிக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று.

வருவதற்கு முன் கதைச் சுருக்கத்தை ஒரு பக்கம் படித்துவிட்டு வாருங்கள். பெயர்களும் உறவுமுறைகளும் தெரிந்திருந்தால் போதும். முழு நாடகத்தையும் படிக்க உட்கார்ந்தால் பயம்தான் கூடும்.

## மழை, கால், விமானம்

மழை பெய்தாலும் காட்சி நிற்காது. குடைக்கு அனுமதியில்லை, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால். தலையோடு மூடும் மழைக்கோட்டு கொண்டு போங்கள். ஆற்றங்கரைக் காற்று ஜூலையிலும் ஒன்பது மணிக்கு மேல் சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். காட்சி நடக்கும்போது முற்றத்தில் தரையில் உட்கார விடமாட்டார்கள். மெத்தென்ற ஷூ போடுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காமல் அவ்வப்போது மடக்கி நீட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள். இது சும்மா சொல்வதல்ல. 2014-இல் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ் போட்டபோது ரத்தக் காட்சிகளைப் பார்த்துப் பலர் மயங்கி விழுந்தது செய்தியானது. ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்றால் எந்த நாடகம் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்.

தலைக்கு மேல் விமானம் போகும், ஹெலிகாப்டர் சுற்றும், புறா மேடைக்கே வரும். நல்ல நடிகர் இவற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. சத்தம் கடக்கும்வரை ஒரு மூச்சு நிறுத்துவார், அல்லது வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரியைச் சொல்வார், முற்றம் சிரிக்கும்.

முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள். கடைசியில் ஒரு நடனம் இருக்கும், சோக நாடகமானாலும் செத்தவர்கள் எழுந்து வந்து ஆடுவார்கள். தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி 1599 செப்டம்பர் 21 அன்று ஆற்றைக் கடந்துபோய், கூரை வேய்ந்த அரங்கில் ஜூலியஸ் சீசர் பார்த்ததையும், முடிவில் இருவர் ஆண் உடையிலும் இருவர் பெண் உடையிலும் வந்து அழகாக ஆடியதையும் எழுதி வைத்திருக்கிறார். அது குளோபாகவே இருக்கும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

## எல்லாத் திறந்தவெளியும் ஒன்றல்ல

"திறந்தவெளி ஷேக்ஸ்பியர்" என்ற ஒரே பெயரில் வேறு வேறு சரக்குகள் விற்கின்றன. லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் திறந்தவெளி அரங்கு 1932-இல் தொடங்கியது. அங்கே எல்லோருக்கும் இருக்கை உண்டு. மரங்கள் பின்னணி, ஒலிபெருக்கி, பொழுது சாய்ந்ததும் மேடை விளக்கு. முதல் பாதியில் பகல் ஜன்னல், இரண்டாம் பாதியில் இரவு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வலுத்தால் நிறுத்திவிட்டு வேறு நாளுக்கு டிக்கெட்டை மாற்றித் தருவார்கள். ஷேக்ஸ்பியர் மட்டும்தான் என்றும் இல்லை, இசை நாடகங்களும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் மினாக் அரங்கு கடலோரப் பாறையைச் செதுக்கி உருவானது. அங்கே 1932-இல் முதலில் போட்ட ஷேக்ஸ்பியர் நாடகம் டெம்பெஸ்ட், கார் முகப்பு விளக்குகளின் துணையோடு. அந்தக் கடல் வசனத்தைவிடப் பெரிதாகிவிடும் அபாயம் உண்டு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் டெலகார்ட் அரங்கில் 1962 முதல் கோடைக்காலக் காட்சிகள் இலவசம், அதற்கேற்ற வரிசை. இங்கிலாந்தின் பழைய மாளிகைத் தோட்டங்களில் ஜூலை, ஆகஸ்டில் ஊர் ஊராகச் சுற்றும் சிறு குழுக்கள் போடுவது இன்னொரு ரகம். மடக்கு நாற்காலி, போர்வை, சாப்பாட்டுக் கூடையோடு போக வேண்டும். ஆறேழு பேரே இருபது பாத்திரங்களையும் ஏற்று நடிப்பார்கள். குழந்தைகளோடு போக இதுதான் வசதி.

குளோபுக்குத்தான் போவது என்று முடிவு செய்தால், முதல் முறைக்கு நகைச்சுவை நாடகமாகத் தேர்ந்தெடுங்கள். ட்வெல்ஃப்த் நைட் அல்லது மச் அடோ அபவுட் நத்திங் ஓடுகிறதா என்று பாருங்கள். ஜூன், ஜூலை மாலைக் காட்சி நல்லது: இடைவேளை வரை உண்மையான பகல் இருக்கும், வெயிலும் தலையில் இறங்காது. மதியக் காட்சியென்றால் தொப்பி வேண்டும். நிற்க முடியாதவர்கள் கேலரியின் நடுப்பகுதியில், மேடைக்கு நேர் எதிரே இருக்கும் பெஞ்சை எடுங்கள், பலகை கெட்டியானது என்பதால் வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையையும் சேர்த்து.